ஊருக்கே தெரிந்த ரகசியம்

பக்கத்து வீட்டு மர்மங்களைச் சொல்லும் உளவியல் நாவல்கள் உலகெங்கும் பரபரப்பாக விற்கின்றன. காஞ்சிபுரத்து எழுத்தாளர் ஒருவர் நாற்பதுகளிலேயே அந்த வகையை எழுதிக் காட்டிவிட்டார். ‘ரங்கோன் ராதா’ அன்று கேட்ட கேள்விக்கு நம் தெருக்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

பொழுது விடிவதற்குள் தெருவில் பாவு நீண்டுவிடும். ஒரு வீட்டு வாசலில் தொடங்கும் பட்டு இழைகள் நாலைந்து வீடு தாண்டிப் போகும். இரு முனையிலும் ஆள் நின்று பிடிக்க, நடுவில் இருப்பவர்கள் அறுந்த இழைகளைத் தேடி முடிந்துகொண்டே நகர்வார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. ஒரு குடும்பம் தனியாக முடித்துவிட முடியாது, பக்கத்து வீட்டுக் கையும் வேண்டும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலும், அங்கிருந்து வேகவதிக் கரையோரம் திருப்பருத்திக்குன்றம் வரை உள்ள நெசவுக் குடியிருப்புகளிலும் வாழ்க்கை இப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கிறது. கூடத்துத் தறியின் ஓசை அடுத்த வீட்டுக்குக் கேட்கும். எந்த வீட்டுத் தறி இரண்டு நாளாக ஓடவில்லை, ஏன் ஓடவில்லை என்பது தெரு முழுக்கத் தெரியும். கோர்வைச் சேலைக்குக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே தறியில் உட்காரும் வீடுகளில், அவர்களுக்குள் பேச்சு நின்றுபோனால் அதுகூட வெளியே தெரிந்துவிடும்.

இவ்வளவு நெருக்கமான ஊரில் ஒரு மனிதன் தன் மனைவியைப் பைத்தியம் என்று எல்லோரையும் நம்பவைக்க முடியுமா? முடியும் என்று எழுதிக் காட்டினார் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பம் ஒன்றில் 1909-ல் பிறந்த சி.என்.அண்ணாதுரை. 1942-ல் அவர் காஞ்சிபுரத்திலிருந்து தொடங்கிய ‘திராவிட நாடு’ வார இதழில் தொடராக வந்த ‘ரங்கோன் ராதா’வை அரசியல் வரலாற்றின் துணைக்குறிப்பாகவோ சிவாஜி கணேசன் படத்தின் மூலக்கதையாகவோதான் பெரும்பாலும் நினைவில் வைத்திருக்கிறோம். உண்மையில் அது தமிழின் தேர்ந்த உளவியல் மர்மக் கதைகளில் ஒன்று. மர்மக் கதைகள் வழக்கமாக ‘யார் செய்தது?’ என்று கேட்கும். இந்தக் கதை ‘யாருக்கெல்லாம் தெரிந்திருந்தது, ஏன் சொல்லவில்லை?’ என்று கேட்கிறது. குடும்ப வன்முறைக்கு எதிராக நாம் இயற்றிய சட்டங்கள் எல்லாம் கடைசியில் வந்து முட்டி நிற்பதும் இந்தக் கேள்வியின் வாசலில்தான்.

■ சட்டம் தடுக்கவில்லை, ஊர் தடுத்தது

கதை இதுதான். கோட்டையூர் தர்மலிங்க முதலியார் ஊரில் மதிப்புள்ள பெரிய மனிதர். மனைவி ரங்கம். ரங்கத்தின் தங்கை தங்கத்தின் மீது முதலியாருக்கு ஆசை. அவளை மணந்தால் சொத்தும் கைக்கு வரும் என்ற கணக்கும் கூட இருக்கிறது. அதற்காக ரங்கத்துக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்ற எண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்க்கிறார். அவளும் தன்னையே சந்தேகிக்கத் தொடங்குகிறாள். கடைசியில் அவள் வீட்டையும் ஊரையும் விட்டு ரங்கூன் போய்ச் சேர்கிறாள். ஆண்டுகள் கழித்து ராதா என்ற பெண்ணோடு அவள் திரும்பி வரும்போது, வளர்ந்து ஆளாகிவிட்ட மகன் நாகசுந்தரத்துக்குத் தன் தந்தையின் உண்மை முகம் தெரியவருகிறது.

இந்தக் கதையைப் படிக்கும்போது ஒரு சட்ட உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னை மாகாணத்தில் இந்து ஆண் இரண்டாம் திருமணம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1949-ல்தான் வந்தது. நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் 1955-ல் வந்தது. கதை நடக்கும் காலத்தில் தர்மலிங்க முதலியார் தங்கத்தை மணக்க எந்த நீதிமன்றமும் குறுக்கே நிற்கவில்லை. பிறகு ஏன் இத்தனை சூழ்ச்சி? நல்ல மனைவி வீட்டில் இருக்கும்போது அவள் தங்கையையும் கேட்டால் ஊர் என்ன சொல்லும், பெண் வீட்டார் என்ன சொல்வார்கள் என்ற அச்சம்தான் காரணமாக இருக்க முடியும். ‘பாவம், பெண்டாட்டிக்குச் சித்தம் சரியில்லை, பிள்ளையை யார் பார்ப்பது, அவர்தான் என்ன செய்வார்?’ என்று ஊரே பரிந்து பேச வேண்டும். பரிந்து பேசும் ஊர் கல்யாணத்தையும் தானே முன்னின்று நடத்தும். ஆகவே ரங்கத்தைச் சுற்றி நடக்கும் நாடகத்தின் உண்மையான பார்வையாளர்கள் அக்கம்பக்கத்தார். அவர்களுடைய ஒப்புதல்தான் முதலியாருக்குத் தேவைப்பட்ட தீர்ப்பு.

இதில்தான் அண்ணாவின் கூர்மை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கண்ணால் பார்த்த சாட்சிகளாக மட்டும் அவர் வைக்கவில்லை. குற்றம் நடக்க அவர்களே தேவைப்பட்டார்கள் என்று காட்டுகிறார். ஒரு பெண்ணைப் பைத்தியம் என்று கணவன் மட்டும் சொன்னால் அது வெறும் குற்றச்சாட்டு. பத்து வீடு சேர்ந்து சொன்னால் அது அவளுடைய அடையாளம் ஆகிவிடுகிறது. அதன்பிறகு அவள் அழுதால் அது நோயின் அறிகுறி, கோபப்பட்டால் நோய் முற்றிய அறிகுறி, உண்மையைச் சொன்னால் பிதற்றல். தப்பிக்க வழியே இல்லாத இந்தச் சுழல்தான் வாசகருக்குள் பதற்றத்தை ஏற்றுகிறது. கதையில் துப்பாக்கியும் தேவைப்படவில்லை, பிணமும் தேவைப்படவில்லை.

┌──────────────
பெட்டிச் செய்தி: ஒரு கரு, பல ஊர்கள்

• 1938: பேட்ரிக் ஹாமில்டனின் ‘கேஸ் லைட்’ நாடகம் லண்டனில் அரங்கேறியது. மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளையே நம்பவைக்கும் கணவனின் கதை.
• 1940: அந்த நாடகம் பிரிட்டனில் திரைப்படமானது.
• 1944: ஜார்ஜ் குக்கோர் இயக்கத்தில் ஹாலிவுட் படம். மனைவியாக நடித்த இங்க்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது.
• நாற்பதுகள்: இதே கருவை எடுத்துக்கொண்டு ‘திராவிட நாடு’ இதழில் அண்ணாவின் ‘ரங்கோன் ராதா’.
• 1956: ஏ.காசிலிங்கம் இயக்க, மு.கருணாநிதி வசனம் எழுத, ‘ரங்கோன் ராதா’ திரைப்படம். முதலியாராகச் சிவாஜி கணேசன், ரங்கமாகப் பி.பானுமதி.
└──────────────

■ ‘ஹாலிவுட் கதைதானே?’

இந்த நாவலைப் பற்றிப் பேசினால் முதலில் வரும் மறுப்பு, கரு இரவல் என்பது. கரு இரவல்தான். ஆனால் அண்ணா எதை மாற்றினார் என்று பார்த்தால் இரண்டு சமூகங்களுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். ஹாலிவுட் படத்தில் கணவன் தேடுவது வீட்டில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் நகைகளை. மனைவியை வெளி உலகத்திலிருந்து பிரித்து வைப்பதே அவன் உத்தி. மூடுபனி சூழ்ந்த லண்டன் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியக் கூடாது. ஒரு போலீஸ்காரர் உள்ளே வந்ததும் உண்மை வெளிவந்துவிடுகிறது. தமிழ்க் கதையில் கதவு திறந்தே இருக்கிறது. உறவும் ஊரும் வந்து போகின்றன. தனிமையைக் கொண்டு லண்டன் கணவன் செய்ததை முதலியார் கூட்டத்தைக் கொண்டு செய்கிறார். கூட்டமே பொய்யின் பக்கம் நிற்கும்போது வெளியிலிருந்து வந்து காப்பாற்ற யாருமில்லை. அதனால்தான் ரங்கம் கடல் கடக்க நேர்கிறது.

அந்தக் காலத் தமிழருக்கு ரங்கூன் கூலி வேலைக்கும் வட்டித் தொழிலுக்கும் கப்பலேறிப் போகும் நகரம். கதையில் அதற்கு இன்னொரு பொருளும் சேர்கிறது. தன்மேல் ஒட்டிய பெயரை அறிந்த ஒருவர்கூட இல்லாத தெரு அங்கே அவளுக்குக் கிடைக்கிறது. அக்கம்பக்கம் மாறியதும் அவளுடைய ‘பைத்தியம்’ தெளிந்துவிடுகிறது. நோய் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு, இது பிரசார நாவல் என்பது. அண்ணா தன் எழுத்தைக் கொள்கைக்காகத்தான் பயன்படுத்தினார். அதை மறைத்ததும் இல்லை. ஆனால் மூடநம்பிக்கையை எதிர்க்க அவர் தேர்ந்துகொண்ட வடிவத்தைக் கவனிக்க வேண்டும். பேய், பிடிப்பு, சித்தப்பிரமை என்று ஊர் சொல்வதை எல்லாம் வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதனின் கை இருப்பதைக் காட்டுவது துப்பறியும் கதையின் முறை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அந்த முறையைத் தமிழ் வாசகருக்கு ஏற்கெனவே பழக்கியிருந்தார்கள். ஒரே இரவில் நடந்து முடியும் ‘ஓர் இரவு’, ஆள்மாறாட்டத்தில் நகரும் ‘வேலைக்காரி’ ஆகிய நாடகங்களை எழுதிய அண்ணாவுக்கு மர்மத்தை முடிச்சுப் போடவும் அவிழ்க்கவும் தெரியும். பகுத்தறிவைப் பாடமாகச் சொன்னால் ஊர் தலையாட்டிவிட்டு மறந்துவிடும். ‘நானும் அந்தப் பெண்ணைப் பைத்தியம் என்று நம்பியிருப்பேனோ?’ என்று வாசகரையே சந்தேகிக்க வைத்தால் மறப்பது எளிதல்ல.

■ பட்டம் சூட்டப்பட்டவர்கள்

ரங்கத்தின் கதை கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாதபடி வரலாறு நம் முன் நிற்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களைக் குடும்பங்கள்தான் அங்கே கொண்டுபோய் விட்டிருந்தன. சிகிச்சை தேடி வேறு வழி தெரியாமல் விட்டவர்கள் பலர் இருந்திருப்பார்கள். அந்தக் குடும்பங்களின் வறுமையையும் தவிப்பையும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் ஒருவர் காணாமல் போனதை ஊர் அமைதியாக ஏற்றுக்கொள்வதற்கு ‘மனநிலை சரியில்லை’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அவர் எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார், யார் பரிசோதித்துச் சொன்னார்கள் என்று கேட்கும் பழக்கம் நம் தெருக்களில் இருக்கவில்லை.

2017-ல் நாடாளுமன்றம் இயற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த இடத்தைத்தான் தொடுகிறது. ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத எதிர்பார்ப்புகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. சட்டம் எழுதியவர்கள் ‘ரங்கோன் ராதா’வைப் படித்திருக்க வேண்டியதில்லை, அதே அநீதி நாடெங்கும் நடந்துகொண்டிருந்தது. அடங்காத மருமகள், சொத்தில் பங்கு கேட்கும் அக்கா, மறுமணம் வேண்டும் என்று சொன்ன விதவை என்று, வீட்டுக்கு இடைஞ்சலான பெண்ணின் வாயை அடைக்க மலிவான வழி அவள் பேச்சை மதிப்பில்லாததாக்குவது. நோய் உள்ளவர்களையும் இது காயப்படுத்துகிறது. ‘பைத்தியம்’ என்பது ஊர் கொடுக்கும் தண்டனையாக இருக்கும்வரை, உண்மையிலேயே உதவி வேண்டியவர்கள் மருத்துவமனை வாசலை மிதிக்கவே அஞ்சுவார்கள்.

■ காது இருந்தும் வாய் இல்லை

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019-21-ல் நடந்தது. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் 38.1 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஒருமுறையேனும் ஆளானதாகச் சொன்னார்கள். அதே ஆய்வின் இந்திய அளவிலான கணக்கில், உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்த பெண்களில் 14 சதவீதத்தினர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். 77 சதவீதத்தினர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. இந்த எண்களை நாம் வழக்கமாகப் பெண்களின் மௌனமாகப் படிக்கிறோம். அதைச் சுற்றி இன்னொரு மௌனம் இருக்கிறது. ஒரு தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் இப்படி நடக்கிறது என்றால், மீதி இரண்டு வீட்டின் காதில் எதுவும் விழாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. விழுந்தது, ‘குடும்ப விஷயம்’ என்று கதவு சாத்தப்பட்டது.

இந்த மௌனம் காவல் நிலையத்தையும் தாண்டி நீதிமன்றம் வரை போகிறது. மனைவிக்கு இழைக்கப்படும் கொடுமையை, மனரீதியான கொடுமை உட்பட, 1983 முதல் தண்டனைக்குரிய குற்றமாக்கியது இந்திய தண்டனைச் சட்டத்தின் 498-ஏ பிரிவு. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவு. வீட்டுக்குள் நடக்கும் குற்றத்துக்கு வெளிச் சாட்சி அக்கம்பக்கத்தார்தான். அவர்கள் கூண்டில் ஏறி ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று பிறழ்சாட்சி ஆகிவிட்டால் வழக்கின் முதுகெலும்பு முறிந்துவிடும். அவர்களைக் கோழைகள் என்று திட்டுவது எளிது. ஆனால் அடுத்த வாரம் பாவு நீட்ட அதே வீட்டுக் கை வேண்டும். கைமாற்றுக் கடன், கோயில் திருவிழா, பிள்ளையின் சம்பந்தம் எல்லாம் அதே தெருவில் இருக்கின்றன. சாட்சி சொல்வதற்கு விலை உண்டு. அதை உணர்ந்துதான் 2018-ல் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்து, மாநிலங்கள் அதைச் செயல்படுத்த வேண்டும் என்றது.

உலகமும் இந்தக் கேள்வியோடு போராடியிருக்கிறது. 1964-ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் தன் குடியிருப்பு வாசலில் கொல்லப்பட்டபோது, 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததாக ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. அந்தச் செய்தி பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்று அதே நாளிதழ் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டது. இருந்தாலும் அந்தச் சம்பவம் தூண்டிய ஆய்வு நிலைத்தது. பார்ப்பவர் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொருவரும் உதவிக்கு எழும் வாய்ப்பு குறைகிறது என்று லட்டானே, டார்லி என்ற உளவியலாளர்கள் 1968-ல் சோதனைகள் வழியே காட்டினார்கள். ‘வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்’ என்று ஒவ்வொருவரும் நினைப்பதே காரணம். மனிதர்கள் கெட்டவர்கள் என்பதால் மௌனம் வருவதில்லை. பொறுப்பு பலர் மீது சிதறிவிடுவதால் வருகிறது. ஆகவே ‘இது உன் பொறுப்பு’ என்று யாரையேனும் நேராகச் சுட்டிச் சொல்லும் ஏற்பாடு இருந்தால் மௌனம் உடையும்.

┌──────────────
பெட்டிச் செய்தி: பக்கத்து வீட்டாருக்குச் சட்டம் தரும் துணை

• குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005: நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26.
• பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, வன்முறை நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் (பிரிவு 4).
• நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது.
• அடி உதை மட்டுமல்ல. வார்த்தையாலும் மனரீதியாகவும் பொருளாதார ரீதியாகவும் வதைப்பதும் குடும்ப வன்முறையே.
• தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண்: 181. மனநல ஆலோசனைக்கான ‘டெலி மானஸ்’ எண்: 14416.
└──────────────

■ எட்டிப் பார்ப்பதும் துணை நிற்பதும்

வலுவான மறுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. அக்கம்பக்கம் தலையிட வேண்டும் என்று சொன்னால் அது ஊர்க் கண்காணிப்புக்கு உரிமம் தருவதாகாதா? காதலித்தவர்களைப் பிரித்ததும், தனியாக வாழும் பெண்ணின் வாசலை எண்ணிக்கொண்டிருந்ததும், சாதி பார்த்து வீடு மறுத்ததும் இதே அக்கம்பக்கம்தானே? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ‘ரங்கோன் ராதா’ எழுதப்பட்ட அதே பத்தாண்டில், பிறர் வீட்டு ரகசியங்களை அச்சடித்து விற்பதே தொழிலான மஞ்சள் பத்திரிகைகள் சென்னையில் நடந்தன. ‘இந்து நேசன்’ லட்சுமிகாந்தன் 1944-ல் கொல்லப்பட, அந்த வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் சிறை சென்று 1947-ல் விடுதலையானார்கள். ரகசியம் சரக்காக மாறினால் எத்தனை வாழ்க்கை சிதையும் என்று அன்றைய தமிழர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள்.

அதனாலேயே இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வம்பு ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசுகிறது. துணை நிற்பவர் அவரிடமே போய்ப் பேசுகிறார். வம்புக்குத் தேவை அவருடைய தேர்வுகள்: யாரோடு போனாள், என்ன உடுத்தினாள், ஏன் தாமதமாக வந்தாள். துணைக்குத் தேவை அவருடைய வலி மட்டும். ரங்கத்தின் ஊரில் வம்புக்குக் குறைவே இல்லை. அவளைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ‘அம்மா, உனக்கு என்ன நடக்கிறது, நீயே சொல்’ என்று அவளிடம் வந்து கேட்டவர்கள்தான் இல்லை. ஊர் அதிகம் தலையிட்டதால் வந்த கேடும் தலையிடாததால் வந்த கேடும் ஒரே வேரிலிருந்துதான் முளைக்கின்றன: பெண்ணின் வார்த்தையை முதல் சான்றாக ஏற்க மறுப்பது.

பிறர் ஓலத்தைக் கேட்டு நிற்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. ஜினகாஞ்சி என்று பெயர் பெற்ற திருப்பருத்திக்குன்றத்தில், திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகர அமைச்சர் இருகப்பர் 14-ம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பினார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை ஓவியங்களாக விரிகிறது. அவர்களில் ஒருவரான நேமிநாதர், தம் திருமண விருந்துக்காக அடைத்து வைக்கப்பட்ட விலங்குகளின் கதறல் காதில் விழுந்ததும் மணக்கோலத்தைக் களைந்து துறவு பூண்டார் என்கிறது சமண மரபு. ஊரே கூடிய கொண்டாட்டத்தில் அந்தச் சத்தம் எல்லோருக்கும்தான் கேட்டது. அதைத் தமக்கான கேள்வியாக எடுத்துக்கொண்டவர் ஒருவரே. அறம் தொடங்குவது கேட்பதில்தான் என்ற எண்ணம் காஞ்சியில் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது.

■ இனி எங்கே போவாள் ரங்கம்?

‘அந்தத் தெருவெல்லாம் போய்விட்டது, இப்போது அடுக்குமாடியில் யாருக்கு யாரைத் தெரியும்?’ என்று சிலர் கேட்கலாம். தெரிவது குறையவில்லை. யார் எப்போது வந்தார்கள் என்பதை வாசல் கேமரா பதிவு செய்கிறது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி முதல் நாய்க்குட்டி வரை எல்லாம் விவாதிக்கப்படுகிறது. நள்ளிரவில் ஒரு வீட்டிலிருந்து வரும் அழுகை மட்டும் அங்கே பேசப்படுவதில்லை. உலகெங்கும் பக்கத்து வீட்டு மர்ம நாவல்கள் பெருகியதற்கு இந்தக் குற்றவுணர்வே ஒரு காரணமாக இருக்கலாம். 2015-ல் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்ற பாலா ஹாக்கின்ஸின் ‘தி கேர்ள் ஆன் தி ட்ரெய்ன்’ நாவலிலும் ஒரு பெண்ணின் நினைவையே பொய்யாக்கி, செய்யாத குற்றங்களை அவள் தலையில் ஏற்றுபவன் முன்னாள் கணவன்தான். முக்கால் நூற்றாண்டுக்கு முன் முதலியார் செய்ததும் அதுவே. வாசகர்கள் அந்த நாவல்களைப் பயத்தோடு படித்து முடித்துவிட்டு நிம்மதியாக மூடி வைக்கிறார்கள். குற்றவாளி அகப்பட்டுவிட்டதால் அக்கம்பக்கத்தின் கணக்கு தீர்ந்ததாக எண்ணிக்கொள்கிறார்கள்.

அண்ணாவின் கதை அந்த நிம்மதியைத் தருவதில்லை. முதலியாரின் முகம் வெளிப்பட்ட பிறகும், அவரை நம்பிய ஊர் அப்படியே இருக்கிறது. ரங்கத்துக்கு ரங்கூன் இருந்தது. எல்லாப் பெண்களுக்கும் ரங்கூன் இருப்பதில்லை. குழந்தையையும் தறியையும் வேலையையும் விட்டு எங்கும் போக முடியாதவர்களுக்குப் பாதுகாப்பு அதே தெருவிலேயே கிடைத்தாக வேண்டும். அதற்கு மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு ரேஷன் கடையிலும், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலும், குடியிருப்பு அறிவிப்புப் பலகையிலும் எழுதப்பட வேண்டும். தகவல் தந்தவரைச் சட்டம் காக்கும் என்பது பள்ளிப் பாடத்திலும் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்திலும் சொல்லப்பட வேண்டும். சாட்சி சொல்பவருக்குப் பாதுகாப்பு காகிதத்தில் நின்றுவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெண்ணைப் பற்றி ஊர் ஏதேனும் முடிவுக்கு வருவதற்கு முன் அவளிடம் ஒருமுறை கேட்டாக வேண்டும். இதைச் செய்ய எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் இருப்பவர் இன்றே செய்யலாம்.